14 வயது மகனுக்கு வீட்டில் பஞ்சிங் பேக்: எதை வாங்குவது, எங்கே மாட்டுவது

காட்பாடியில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம், மகனுக்கு 14 வயது, எடை 48 கிலோ, உயரம் 5 அடி 3 அங்குலம், ஒரு மாதமாக பஞ்சிங் பேக் கேட்டு நச்சரிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த பிராண்டு நல்லது, ஹாலில் உள்ள ஃபேன் கொக்கியிலேயே மாட்டலாமா, கடைக்காரர் சொல்வதுபோல் மணல் நிரப்பலாமா, கோபக்காரப் பையன், குத்தினால் கோபம் தணியுமா என்று நான்கு கேள்விகள். நான்குக்கும் அடியில் நீங்கள் கேட்பது, பையன் கையும் வீட்டுக்காரர் தளமும் சேதமாகாமல் இதை எப்படிச் செய்வது என்பதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். அப்படிப் பார்த்தால் கொக்கியும் கையும்தான் முதலில் வரும், பையின் பிராண்டு கடைசியில்தான் வரும்.

பிராண்டை இங்கேயே முடித்துவிடலாம். நம் நாட்டில் விற்கும் பைகளில் பெரும்பகுதி மீரட்டிலோ ஜலந்தரிலோ தைத்து வருபவை. மேலே அச்சடித்த பெயரைவிடத் தையலும் பட்டையும்தான் பையின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. கடையில் பையைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். தூக்கிப் பிடிக்கும் நான்கு பட்டைகள் வாய்ப்பகுதியோடு நின்றுவிட்டால் வேண்டாம். அவை பக்கவாட்டில் நெடுக இறங்கித் தைக்கப்பட்டிருக்க வேண்டும், அடிப்பக்கத்தையும் சுற்றி வந்தால் இன்னும் நல்லது. பை கிழிவது பெரும்பாலும் குத்துப்படும் இடத்தில் இல்லை, வளையம் தைத்த இடத்தில்தான். ஓரத் தையல் இரட்டை வரிசையாக இருக்கட்டும். நிரப்பாத வெறும் பையாக வாங்குங்கள். நிரப்பி வரும் பைக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, அனுப்பும் செலவும் கூடும்.

எடைக்கு வருவோம். குத்துபவர் எடையில் பாதி இருக்க வேண்டும் என்பது பயிற்சியாளர்கள் நெடுநாளாகச் சொல்லும் கணக்கு. அது அனுபவத்தில் வந்த கணக்கு, ஆய்வில் வந்ததில்லை, அதனால் ஒன்றிரண்டு கிலோ முன்னே பின்னே ஆனால் கவலை வேண்டாம். உங்கள் மகனுக்கு அது 24 கிலோ என்று வரும். வளரும் வயதில் நான் அதற்குக் கீழேதான் தொடங்கச் சொல்வேன், 20 கிலோ போதும். லேசான பை கொஞ்சம் அதிகமாக ஆடும், அவ்வளவுதான். கனமான பை நகராமல் நின்று, குத்திய விசை முழுவதையும் மணிக்கட்டுக்கே திருப்பி அனுப்பும்.

அளவுக்கும் எடைக்கும் உள்ள தொடர்பைப் புரிந்துகொண்டால் கடைக்காரர் சொல்வதை நீங்களே சரிபார்க்கலாம். நான்கடி நீளம், 12 அங்குல விட்டம் உள்ள பையின் கொள்ளளவு சுமார் 85 லிட்டர். துணித் துண்டுகளை நன்றாக இடித்து நிரப்பினால் லிட்டருக்கு 200 முதல் 250 கிராம் பிடிக்கும், அதாவது 17 முதல் 21 கிலோ. விட்டம் 14 அங்குலமானால் 115 லிட்டர், 23 முதல் 29 கிலோ. மூன்றடிப் பை 13 முதல் 16 கிலோதான் வரும், பத்து வயதுக்குச் சரி, உங்கள் மகனுக்கு ஒரு வருடத்தில் போதாமல் போகும். இப்போது அதே 85 லிட்டர் பையில் மணலை நிரப்புங்கள். காய்ந்த மணல் லிட்டருக்கு ஏறத்தாழ 1.6 கிலோ. மொத்தம் 135 கிலோவைத் தாண்டும். அதைத்தான் அந்தக் கடைக்காரர் உங்கள் ஹாலில் தொங்கவிடச் சொல்கிறார். பாதிக்கு மணல், பாதிக்குத் துணி என்றாலும் பயனில்லை. ஒவ்வொரு குத்துக்கும் மணல் கீழே இறங்கி, இரண்டே வாரத்தில் பையின் கீழ்ப்பகுதி ஓர் அடி உயரத்துக்குக் கல்லாகிவிடும், மேல்பகுதி தொளதொளத்துப் போகும். பாலாற்று மணலாக இருந்தாலும் இதே கதைதான். இப்போது எல்லோரும் வாங்கும் எம்-சாண்டில் தூள் அதிகம், தையல் வழியாகத் தரையில் கொட்டிக்கொண்டே இருக்கும்.

ஆக, 4 அடிக்கு 12 அங்குலப் பை, உள்ளே துணி. வீட்டில் உள்ள பழைய பருத்திப் புடவை, லுங்கி, போர்வை எல்லாம் ஆகும். 20 கிலோ என்பது நினைப்பதைவிட அதிகம். குறைந்தால் தையற்கடைகளில் வெட்டுத் துணி கேளுங்கள், குடியாத்தம் பக்கம் தறிக்காரர்கள் யாராவது தெரிந்திருந்தால் லுங்கித் துண்டு கிடைக்கும், எதுவும் இல்லாவிட்டால் ஹார்டுவேர் கடையில் இயந்திரம் துடைக்க வைத்திருக்கும் பனியன் வேஸ்டைக் கிலோக் கணக்கில் வாங்கலாம். முதல் வேலை, பொத்தான், ஜிப், ஊக்கு, பேன்ட் கொக்கி எதுவும் இல்லாமல் கத்தரித்து எடுப்பது. ஒரே ஒரு பேன்ட் பொத்தான் பையின் ஓரத்துக்கு வந்துவிட்டால் போதும், கிளவுஸையும் தாண்டி விரல் முட்டியில் குத்தும். பிறகு துணியைக் கை அகலத் துண்டுகளாக வெட்டுங்கள். முழுப் புடவையைச் சுருட்டித் திணித்தால் அது உள்ளே முறுக்கிக்கொண்டு ஓரிடத்தில் கட்டியாகவும் பக்கத்தில் குழியாகவும் நிற்கும்.

நிரப்புவதற்கு ஒரு முழு மாலை ஒதுக்குங்கள், பையனையே செய்யச் சொல்லுங்கள். பையைச் சுவர் மூலையில் நிறுத்தி, உட்புறச் சுவரை ஒட்டிப் பழைய போர்வை ஒன்றை உருளையாக விட்டு, நடுவில் துண்டுகளை அரை அடி உயரத்துக்குப் போட்டு, உலக்கையால் இடிக்க வேண்டும். உலக்கையின் பூண் இல்லாத பக்கம் கீழே இருக்கட்டும், பூண் துணியையும் பையின் அடியையும் கிழிக்கும். நடுவில் மட்டும் இடிக்காமல் ஓரத்தைச் சுற்றி வந்து இடித்தால்தான் பை உருண்டையாக நிற்கும். அரை அடி, இடி, மறுபடி அரை அடி. வாய் வரை வந்ததும் கட்டைவிரலால் மேலிருந்து கீழே அழுத்திப் பாருங்கள். எல்லா இடத்திலும் அரை அங்குலம் உள்ளே போக வேண்டும். ஓரிடத்தில் போகவே இல்லையென்றால் அங்கே கட்டி இருக்கிறது, கொட்டிவிட்டு மறுபடி செய்வதுதான் ஒரே வழி. இரண்டு ஆண்டில் பையன் 60 கிலோவைத் தொடும்போது புதுப் பை வாங்க வேண்டியதில்லை. மூன்று கிலோ மணலை இரட்டைப் பாலிதீன் உறையில் கட்டி, மேலே துணி சுற்றி, அப்படி இரண்டு பொட்டலங்களைப் பையின் நட்ட நடுவில் வெவ்வேறு உயரத்தில் வையுங்கள். சுற்றிலும் நான்கு அங்குலமாவது துணி இருக்க வேண்டும். 25 கிலோவை ஒட்டி வந்துவிடும்.

நம் பக்கத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று சிலர் சொல்லும் சரக்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் தோல் சீவல் தூள் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். போடாதீர்கள். அதில் பெரும்பகுதி குரோமியம் உப்பால் பதனிட்ட தோல். ஒவ்வொரு குத்துக்கும் தையல் இடுக்கில் தூசு பறந்து பையன் மூச்சில்தான் போகும், ஈரம் பட்டால் கட்டியாக இறுகும். மரத்தூளும் ஈரம் இழுக்கும். உமியும் கடலைத் தோலும் நொறுங்கித் தூளாகிப் பாதியாக அமுங்கும், எலியையும் கூப்பிடும். இலவம் பஞ்சு போதிய எடை தராது. ஆனால் தோல் ஊருக்குப் பக்கத்தில் இருப்பதில் ஒரு நன்மை உண்டு: பட்டை பிய்ந்தால் ஷூ தைக்கும் கனத்த இயந்திரத்தில் நைலான் நூலால் தைத்துக் கொடுக்க ஆள் கிடைப்பார்கள். மேலுறைக்குத் தோல்தான் நீண்ட ஆயுள், ஆனால் 14 வயதுப் பையனின் முதல் பைக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. தடித்த ரெக்ஸின் போதும், வெயில் படாமல் இருந்தால். வேலூர் வெயிலில் மொட்டை மாடியில் தொங்கும் ரெக்ஸின் ஒரே கோடையில் வெடிக்கும். கேன்வாஸ் வெயிலைத் தாங்கும், ஆனால் சொரசொரப்பு, கிளவுஸைத் தேய்த்துவிடும்.

இனிமேல் கொக்கி. ஃபேன் கொக்கியில் மாட்டாதீர்கள், இது உறுதியான பதில். சீலிங் ஃபேன் நான்கைந்து கிலோ, அசையாமல் தொங்கும். பை அப்படி இல்லை. 20 கிலோ பை 45 பாகை வரை ஆடித் திரும்பினால், கீழே வரும் நொடியில் கொக்கியில் விழும் இழுப்பு 32 கிலோ ஆகிறது. கீழிருந்து ஓங்கிக் குத்தும்போது பை ஒரு கணம் எழும்பிச் சங்கிலி தளர்ந்து, திரும்ப விழும்போது வரும் உதறல் இதையும் தாண்டும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை அப்படி உதறினால், ஃபேன் பெட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கம்பி தேயும். பக்கத்திலேயே மின்வயரும் இருக்கிறது. அதனால் தொங்கவிடும் இடம் எதுவானாலும் 100 கிலோவை அசையாமல் தாங்கும் என்று சோதித்த பிறகுதான் பையை மாட்ட வேண்டும்.

உங்கள் வீட்டில் ஊஞ்சல் கொக்கி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தளம் போடும்போதே கம்பியோடு கட்டி இறக்கிய கொக்கி என்றால் இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஒரு கொக்கியில் மாட்டினால் போதும், ஆனால் சுவரிலிருந்து மூன்றடி தள்ளியிருக்கும் கொக்கியாகத் தேர்ந்தெடுங்கள். குழந்தைத் தொட்டிலுக்காகப் பிறகு துளை போட்டு மாட்டிய சிறு கொக்கி வேறு, அது கூடாது. சோதிக்க, கொக்கியில் கெட்டிக் கயிறு கட்டி, பெரியவர் ஒருவர் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் தொங்கி மெல்ல எம்பிப் பார்க்கட்டும், கீழே மெத்தை இருக்கட்டும். சிமென்ட் பூச்சு தூளாக உதிர்ந்தால் அந்தக் கொக்கியை மறந்துவிடுங்கள்.

ஊஞ்சல் கொக்கி இல்லையென்றால் தளத்தில் துளை போட்டு, துளைக்குள் விரிந்து இறுகும் ஆங்கர் போல்ட் இறக்கலாமே என்று கேட்பீர்கள். போடலாம், ஆனால் அங்கே நிறைய தவறு நடக்கிறது. வீட்டுத் தளத்தின் தடிமன் நான்கைந்து அங்குலம்தான். அதற்குள் மின்வயர்க் குழாய் போகிறது, கம்பியும் இருக்கிறது. கீழ்நோக்கி இழுக்கும் ஒற்றை போல்ட் தொடர்ந்து உதறினால் மெல்ல நெகிழும். பீமின் பக்கவாட்டில் இரும்புத் தகடு வைத்து நான்கு 10 மில்லிமீட்டர் போல்ட்கள் மூன்றங்குல ஆழத்துக்கு இறக்கினால் சுமை போல்ட்டைப் பிடுங்காமல் குறுக்காக விழும், அது பத்திரமான முறை. இதற்கு வீட்டுக்காரர் சம்மதமும், பீம் எங்கே என்று தெரிந்த கொத்தனாரும் வேண்டும். செங்கல் சுவரிலும் ஹாலோ பிளாக் சுவரிலும் பிராக்கெட் அடிக்க வேண்டாம். இதைப் படிக்கும் வேறு யாராவது வேலப்பாடி, கொசப்பேட்டை பக்கம் பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டில் (மரச் சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிய கூரை) இருந்தால், அந்தக் கூரையில் துளையே போடக் கூடாது. ஷீட் கூரையைத் தாங்கும் பைப்பிலும் தொங்கவிடக் கூடாது. உங்கள் தளத்தை நேரில் பார்க்காமல் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

கொக்கியிலிருந்து பை வரை உள்ள சாமான்களிலும் கவனம் வேண்டும். சங்கிலி 6 மில்லிமீட்டர் கம்பியில் செய்ததாக இருக்கட்டும். எஸ் வடிவக் கொக்கி வேண்டவே வேண்டாம், அது விரிந்துகொடுக்கும். டி ஷாக்கிள் (திருகு பின்னால் மூடும் டி வடிவ இரும்பு வளையம்) போட்டு, அதன் பின்னைத் திருகியபின் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். ஆட்டத்தில் பின் தானாகக் கழன்று வருவது சாதாரணமாக நடக்கும் விஷயம். சங்கிலி முறுக்காமல் இருக்க ஒரு சுழல் வளையம், உதறலைக் குறைக்க ஒரு கெட்டி ஸ்பிரிங், இரண்டும் சேர்ந்தால் பக்கத்து வீடுகளுக்குப் போகும் சத்தமும் குறையும். 10 அடி உயர அறையில், பையின் அடி தரையிலிருந்து இரண்டடியில் நின்றால் நடுப்பகுதி உங்கள் மகனின் நெஞ்சுக்கு நேராக வரும். அதற்குக் கொக்கியிலிருந்து நான்கடி இறக்கம் தேவை. சங்கிலி நீண்டால் பை அகலமாக ஆடும். அடியில் வளையம் இருந்தால் ஐந்து கிலோ எடையில் கயிறு கட்டி ஆட்டத்தை அடக்கலாம்.

துளை போட வழியில்லை, ஊஞ்சல் கொக்கியும் இல்லை என்றால், உங்கள் நிலைமைக்கு நிற்கும் பைதான் சரி, அதாவது அடியில் உள்ள பெட்டியில் தண்ணீரோ மணலோ நிரப்பித் தரையில் நிறுத்தும் பை. அடிப்பகுதி 60 லிட்டர் என்றால் தண்ணீர் ஊற்றினால் 60 கிலோ, மணல் போட்டால் 95 கிலோவை ஒட்டி வரும். இங்கே மணல் நல்லது, ஏனென்றால் இங்கே யாரும் மணலைக் குத்தப் போவதில்லை. தளம் தாங்குமா என்று பயப்பட வேண்டாம், வீட்டு அறைகளுக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமை என்ற கணக்கில்தான் தளம் வடிவமைக்கிறார்கள். டைல்ஸ் தரையில் ஒவ்வொரு குத்துக்கும் அது நகரும், கீழே தடித்த ரப்பர் பாய் விரிக்க வேண்டும். குத்துகிற உணர்வு தொங்கும் பை அளவுக்கு வராது, பை அடிப்பெட்டியோடு சேரும் கழுத்துப் பகுதி முதலில் தளரும். ஆனால் பாதுகாப்பு, வீடு மாறும்போது எடுத்துக்கொண்டு போகிற வசதி, இரண்டையும் பார்த்தால் வாடகை வீட்டுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

பைக்குச் செலவழிப்பதைக் குறைத்தாவது கைக்குச் செலவழியுங்கள். வெறுங்கையால் ஒரு குத்துகூட வேண்டாம். 12 அவுன்ஸ் கிளவுஸ், ஒவ்வொன்றும் 340 கிராம் வரும், மணிக்கட்டில் அகலமான பட்டை உள்ளது. அதற்குள்ளே சுற்ற மூன்று மீட்டர் நீளமுள்ள துணிப்பட்டை, ஹேண்ட் ராப் என்று கேட்டால் தருவார்கள். பெரியவர்களுக்கான நாலரை மீட்டர் பட்டை சின்னக் கையில் பந்தாகிவிடும். சுற்றும்போது விரல்களை விரித்து வைத்திருக்க வேண்டும். வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, புறங்கை வழியாக இறக்கி மணிக்கட்டில் மூன்று சுற்று. அங்கிருந்து ஏறி, முட்டிகளின் மேல் மூன்று சுற்று. பிறகு சுண்டுவிரல் இடுக்கு, நடு இடுக்கு, ஆள்காட்டி விரல் இடுக்கு என்று ஒவ்வொன்றிலும் நுழைத்து, ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டுக்குத் திரும்ப வேண்டும். கட்டைவிரலை ஒரு சுற்று, மிச்சத்தை மணிக்கட்டில் முடித்து ஒட்டிவிடலாம். கையை மூடினால் இறுக்கமாகவும், திறந்தால் இலேசாகவும் இருக்க வேண்டும். நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு நொடியில் சிவப்பு திரும்பாவிட்டால் கட்டு அதிக இறுக்கம், அவிழ்த்துத் திரும்பச் சுற்றுங்கள்.

குத்து விழ வேண்டியது ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகளில். கட்டைவிரல் விரல்களுக்கு வெளியே மடங்கியிருக்க வேண்டும், முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அவசரத்தில் வீசிக் குத்தும் பையன்களுக்குச் சுண்டுவிரல் முட்டியில்தான் அடி விழும், எலும்பு முறிவதும் அங்கேதான். பட்டதும் கை திரும்பி வர வேண்டும், பையைத் தள்ளக் கூடாது. சரியான குத்து ‘பட்’ என்று கேட்கும், தள்ளுகிற குத்து ‘பொத்’ என்று அமுங்கும், அடுத்த அறையிலிருந்தே உங்களுக்கு வித்தியாசம் தெரியும். முதல் மாதம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு நிமிடம் வீதம் மூன்று சுற்று, இடையில் ஒரு நிமிட ஓய்வு, அரைப் பலத்தில். அதற்கு முன்னால் மூன்று நிமிடம் ஸ்கிப்பிங். கோடையில் காலை ஏழு மணிக்கு முன்போ, பொழுது சாய்ந்த பிறகோ வைத்துக்கொள்ளுங்கள். 40 டிகிரி நாளில் மூடிய அறையில் குத்துவது மயக்கத்தில் முடியும்.

14 வயதில் எலும்பின் நுனியில், எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டு இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கிறது. மணிக்கட்டில் உள்ளது பையன்களுக்குப் பதினேழு, பதினெட்டு வயது வரைகூட மூடாது. அந்த இடத்தில் மறுபடி மறுபடி அடி விழுந்தால் பாதிப்பு வரும். எனவே மணிக்கட்டில் வலி என்றால் வலி முழுக்கப் போகும்வரை பை கிடையாது, ஒரு வாரத்தில் போகாவிட்டால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் சிதைவதற்குப் பெரும் காரணம் வலி தெரியாமல் திரும்பத் திரும்ப அடிபடுவதுதான் என்று காட்டினார். உங்கள் மகனுக்கு வலி தெரிகிறது. ‘தாங்கிக்கோ, பழகிடும்’ என்று வீட்டில் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோபம் பற்றிய கேள்விக்கு நீங்கள் எதிர்பார்க்கும் பதில் என்னிடம் இல்லை. அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் தணியவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிடக் கூடுதலாகவே இருந்தது. ஒரு ஆய்வை வைத்து உங்கள் பையனுக்கும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சண்டை போட்ட சூட்டில் அவனைப் பைக்கு அனுப்பாதீர்கள், கட்டுச் சுற்றாமல், மணிக்கட்டு மடங்கக் குத்துவதும் அந்த நேரத்தில்தான். குறித்த நேரத்தில், சுற்று எண்ணிச் செய்யும் பயிற்சியாக வைத்துக்கொண்டால் உடல் களைத்து, தூக்கம் நன்றாக வரலாம். பை வந்ததும் அடுத்து ‘போட்டிக்குப் போகிறேன்’ என்பான். அது வேறு விஷயம், அங்கே தலையில் அடி விழும். அந்தக் காரணத்துக்காகவே அமெரிக்க, கனடா குழந்தை மருத்துவர் சங்கங்கள் 2011-இல் சிறுவர் குத்துச்சண்டையை எதிர்த்து அறிக்கை வெளியிட்டன. வீட்டுப் பையில் அந்த ஆபத்து இல்லை, ஆடித் திரும்பும் பைக்குக் குறுக்கே தம்பி தங்கை ஓடாமல் இருந்தால்.

மாட்டி இரண்டு வாரம் ஆனதும் உள்ளே துணி இரண்டு மூன்று அங்குலம் இறங்கியிருக்கும், வாயைத் திறந்து இன்னும் கொஞ்சம் துணி போட்டு இடியுங்கள். மாதம் ஒரு தடவை பையைக் கால் வட்டம் திருப்பி மாட்டினால் ஒரே பக்கம் குழி விழாது. அப்போதே ஏணி போட்டு ஏறி, ஷாக்கிள் பின்னின் கட்டுக்கம்பி, சங்கிலியின் மேல் வளையம், பட்டைத் தையல் மூன்றையும் விரலால் தொட்டுப் பாருங்கள். கிளவுஸுக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டி வைத்து நிழலில் காய விடுங்கள், ஐப்பசி கார்த்திகை மழையில் இதைச் செய்யாவிட்டால் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.